வால்பாறை மழையும் பீரோவில் இருக்கும் துப்பாக்கியும்: துருவைத் தடுக்க என்ன வழி?

வால்பாறையில் பழைய ஓட்டு வீடு. தாத்தாவுக்குப் பிறகு முறைப்படி உங்கள் பெயரில் உரிமம் பெற்று வைத்திருக்கும் 12 போர் (குழலின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று. வைகாசி கடைசியில் எண்ணெய் தடவி, தோல் உறையில் இட்டு, துணிமணி வைக்கும் இரும்பு பீரோவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தைப் போட்டுப் பூட்டுகிறீர்கள். ஆவணியில் திறந்தால் குழல் முழுவதும் செம்புள்ளிகள். எந்த எண்ணெய் தடவினால் இது நிற்கும், தேங்காய் எண்ணெய் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணெயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது இரண்டாவது கேள்வி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உலகிலேயே சிறந்த துப்பாக்கி எண்ணெயைத் தடவி வைத்திருந்தாலும் அந்தப் புள்ளிகள் வந்துதான் இருக்கும். துரு வரக் காரணம் தோல் உறையும், துணிமணியோடு பங்கு போட்டுக்கொண்ட பீரோவும்தான்.

இரும்பு துருப்பிடிக்க அதன் மேல் நீர் சொட்ட வேண்டியதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீரில் இப்போது இருக்கும் பங்கு) ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பின் மேல் படிந்து, துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடுகிறது. தூசி, புகைக்கசடு, கைவியர்வையின் உப்பு இவற்றில் ஏதேனும் மேலே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடற்காற்றோடு வரும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கரையத் தொடங்கிவிடும். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் வெயில் கொளுத்தும் சித்திரையில்கூட இரும்பு துருப்பிடிப்பதற்கு இதுவே காரணம். உங்கள் ஊரில் கடலுப்பு இல்லை. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் எட்டிப் பார்க்கும் ஊர் அது, மழைக்காலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நாள்கணக்கில் இறங்காமல் நிற்கும். போதாக்குறைக்கு, துப்பாக்கியை எடுத்துப் பார்த்த விரல்களின் உப்பு குழலில் அப்படியே இருக்கிறது. புள்ளிகளைக் கூர்ந்து பாருங்கள்: அவற்றில் சில கைபிடித்த இடத்தில், விரல்ரேகையின் வடிவிலேயே இருக்கக்கூடும்.

எனவே முதலில் வாங்க வேண்டியது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி. மலிவான கருவிகள் ஐந்தாறு சதவீதம் முன்பின்னாகக் காட்டும் என்பதால், அதை நம்புவதற்கு முன் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சில சொட்டு நீர் விட்டு ஈரமணலின் பதத்துக்குக் கொண்டுவந்து, அதையும் கருவியையும் காற்றுப்புகாத டப்பா ஒன்றில் வைத்து ஓர் இரவு மூடிவிடுங்கள். காலையில் உள்ளே 75 சதவீதம் இருக்கும்; கருவி 80 என்று காட்டினால், இனி அது காட்டும் எண்ணில் ஐந்தைக் கழித்துக்கொள்ளலாம். பிறகு அதைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு வாரம் காலையும் மாலையும் பாருங்கள். நாம் எட்ட வேண்டிய எல்லை 45 முதல் 55 சதவீதம். அதைவிட வெகுவாகக் குறைந்தால் இரும்புக்கு நல்லதுதான். ஆனால் துப்பாக்கியின் மரக்கட்டை வறண்டு, பொறியோடு (சுடும் விசையமைப்போடு) சேரும் இடத்தில் விரிசல் விடும்.

தோல் உறை பயணத்துக்கு உரியது, வீட்டில் வைப்பதற்கு உரியதன்று. தோலைப் பதனிடும்போது சேர்ந்த அமிலங்களும் உப்புகளும் அதில் தங்கியிருக்கும். உள்ளே தைத்த கம்பளித்துணி ஈரத்தை இழுத்து, குழலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். முட்டைத்தட்டுப் போல நுரை ஒட்டிய இக்காலப் பெட்டிகளும் ஈரம் ஏறிய நுரையோடு இருந்தால் இதையேதான் செய்யும். நுரையின் மேடுகள் பட்ட இடங்களில் மட்டும் வரிசையாகத் துரு ஏறியிருப்பதைப் பழுதுபார்ப்பவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். உறைதான் வேண்டும் என்றால் சிலிக்கோன் ஊட்டிய பின்னல்துணி உறைகள் கிடைக்கின்றன. அவை காற்றை விடும்.

சிலிகா ஜெல் விஷயத்தில்தான் பெரும்பாலானோர் கணக்குப் போடாமல் ஏமாறுகிறார்கள். பீரோவின் உள்ளிருக்கும் காற்று ஒரு கன மீட்டருக்கும் குறைவு. 20 பாகை செல்சியஸில், 90 சதவீத ஈரப்பதத்தில், அந்தக் காற்றிலுள்ள நீர் ஏறத்தாழ 12 கிராம்தான். அதைக் குடிக்க அரைக் கிலோ ஜெல் தாராளம் என்று தோன்றும். ஆனால் ஈரம் காற்றில் மட்டும் இல்லை. மழைக்காலத்தில் ஈரமேறிய துப்பாக்கிக் கட்டை ஒன்றே, 50 சதவீதத்துக்குக் காய்ந்து வரும்போது 70, 80 கிராம் நீரை வெளிவிடும். அதே பீரோவில் பத்துக் கிலோ பருத்திப் புடவையும் வேட்டியும் போர்வையும் இருந்தால், அவை அரைக் கிலோவுக்கு மேல் நீரை வைத்துக்கொண்டிருக்கும். இதற்கு மேல், பீரோவின் கதவிடுக்கு வழியாக வெளிக்காற்று நாள் முழுவதும் உள்ளே வந்து போகிறது. செருப்பு டப்பாவிலிருந்து எடுத்துப் போட்ட ஐந்து கிராம் பொட்டலம் குடிக்கக்கூடியது ஒரு கிராம் நீர். அது சில மணி நேரத்தில் நிறைந்துவிடும். நிறைந்த பிறகு அது வெறும் மணல்தான்.

ஆகவே என் கருத்து இது: மூடுவதானால் காற்றுப்புகாமல் முழுதாக மூடி ஜெல்லைப் பயன்படுத்துங்கள், அல்லது மூடாமல் சூடாக்குங்கள். பலரும் செய்வது இரண்டுக்கும் நடுவில், இடுக்குள்ள பீரோவில் ஜெல் போடுவது. அதில் இரண்டு வழிகளின் பயனும் கிடைப்பதில்லை.

முழுதாக மூடும் வழிக்கு, விளிம்பில் ரப்பர் வளையம் வைத்த கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி வேண்டும். துப்பாக்கியை மூன்றாகப் பிரித்தால் (குழல், முன்கட்டை, பொறியோடு கூடிய பின்கட்டை) பெட்டி சிறியதாகவே போதும். உள்ளிருக்கும் நுரையை எடுத்துவிட்டு, அரைக் கிலோ ஜெல்லைத் துணிப்பையில் கட்டி வையுங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் கட்டையின் ஈரத்தையெல்லாம் குடித்து ஜெல் நிறைந்துவிடும். ஒருமுறையோ இருமுறையோ சூடாக்கி மீண்டும் வைத்தால், பிறகு பெட்டியை அடிக்கடி திறக்காதவரை மாதக்கணக்கில் தாங்கும். நிறைந்த ஜெல்லை அடுப்பு ஓவனில் 110 முதல் 120 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் உலர்ந்துவிடும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு சேர்த்திருக்கிறார்கள். அது புற்றுநோய் ஆபத்துள்ள பொருள் என்பதால், சமைக்கும் ஓவனில் வைக்கும் உத்தேசம் இருந்தால் நிறம் மாறாத வெள்ளை ஜெல்லை வாங்கி, ஈரப்பதமானியைப் பார்த்தே முடிவு செய்வது நல்லது. பிளாஸ்டிக் பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்பதை மறக்கக் கூடாது. அது பூட்டிய பீரோவுக்குள்தான் இருக்க வேண்டும்.

சூடாக்கும் வழி மலையில் புதியதன்று. அலமாரிக்குள் பல்பு எரியவிட்டு காலணியையும் கேமராவையும் பூசணத்திலிருந்து காப்பது பழைய வழக்கம். இதன் தத்துவம் எளிது: 20 பாகையில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை, நீரை எடுக்காமலே 25 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 66 சதவீதமாக இறங்கும், 27 பாகைக்குச் சென்றால் 59. ஆனால் இங்கும் அளவு பார்க்க வேண்டும். ‘ஜீரோ வாட்’ என்று விற்ற பழைய பல்பு உண்மையில் 15 வாட் வரை எடுக்கும். ஆளுயர இரும்பு பீரோவின் மெல்லிய தகடு அந்தச் சூட்டை வெளியே விட்டுவிடுவதால், உள்ளே ஒரு பாகைகூட ஏறாது. எல்.இ.டி. பல்பு இதற்குச் சுத்தமாக ஆகாது. துப்பாக்கிக்கென்று குறுகிய தனி இரும்புப் பெட்டி செய்து, உள்ளே நன்கு காய்ந்த பழைய தேக்குப் பலகை அடித்து, அடியில் 25 வாட் அளவிலான வெப்பக் கம்பி பொருத்தினால் நான்கைந்து பாகை ஏறும்; அது போதுமா என்பதை ஈரப்பதமானியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். புதுப் பிளைவுட் வேண்டாம். அதன் பசையிலிருந்து கசியும் ஆவி இரும்பைத் தின்னும். வெப்பக் கம்பி இருக்கும் பெட்டியில் துணி, எண்ணெய் டப்பா, தோட்டா எதுவும் இருக்கக் கூடாது. காற்று மழை நாளில் மின்சாரம் போனால் இந்த ஏற்பாடும் நின்றுவிடும். உங்கள் ஊரில் அது அபூர்வமில்லை என்றால், முழுதாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி வழியே சிறந்தது.

பல்பொருள் அங்காடியில் ‘ஈரம் உறிஞ்சி’ என்று அலமாரியில் மாட்ட விற்கும் பைகளும் டப்பாக்களும் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. அவை ஈரத்தைக் குடித்து, அடியில் உப்புநீராகச் சேர்த்து வைக்கும். அது ஒருமுறை கவிழ்ந்தால், பத்து மழைக்காலம் செய்யாத கேட்டை ஓர் இரவில் செய்துவிடும். துப்பாக்கி இருக்கும் இடத்தில் அதை அண்டவிடாதீர்கள். ரசகற்பூர உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு அன்று. பீரோ நிற்கும் இடத்தையும் பாருங்கள்: ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் நாலு விரற்கடையாவது தள்ளி, அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள். கழிவறையை ஒட்டிய அறையாக இருந்து, அங்கே ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கமும் இருந்தால், அந்தப் புகையே பீரோவையும் உள்ளிருப்பதையும் அரித்துவிடும்.

சமவெளியில் ஏசி அறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியே 30 பாகை, 70 சதவீத ஈரப்பதம் என்றால், 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்த இரும்பும் அந்தக் காற்றில் வியர்க்கும், ஐஸ் மோர் டம்ளரைப் போல. 22 பாகை அறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்து உறையைப் பிரித்தால், வெளிப்புறம் நனைவது தெரியும். குழலின் உள்ளும் பொறியின் உள்ளும் நனைவது தெரியாது. உறையிலேயே வைத்து ஒரு மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்ட பிறகே பிரிக்க வேண்டும்.

இனி எண்ணெய். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். தாவர எண்ணெய்கள் காற்றில் சிக்கு ஏறிப் பிசினாகி, விசையையும் தோட்டா வெளித்தள்ளும் பாகத்தையும் ஒட்ட வைக்கும். சிக்கேறும்போது உண்டாகும் கொழுப்பமிலங்கள் இரும்புக்கு ஆகாது. பூசணத்துக்கோ அவை விருந்து. டபிள்யூ.டி.-40 என்பது 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நீரை விரட்டுவதற்கென்று உருவாக்கப்பட்டது. நனைந்த துப்பாக்கிக்கு முதலுதவியாக அது அருமையானது, ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது, ஒரு மழைக்காலம் தாங்காது. தையல் மிஷின் எண்ணெய் கெடுதல் செய்யாது என்பதைத் தாண்டி அதில் துருத்தடுப்புச் சரக்கு எதுவும் இல்லை. பிரிட்டிஷ் ராணுவமும் லண்டன் துப்பாக்கிக் கடைகளும் ஒரு காலத்தில் துருவுக்கு நம்பியிருந்தது ரங்கூன் எண்ணெயைத்தான். அது பர்மாவின் நிலத்தடி எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்த சரக்கு. அதாவது, அவர்கள் பிடித்ததும் தாவர எண்ணெயை அன்று, கனிம எண்ணெயை. இன்றைக்கு அதன் இடத்தில், துருத்தடுப்புச் சேர்மானம் உள்ள துப்பாக்கி எண்ணெயோ, ஆட்டுக்கம்பளிக் கொழுப்பு கலந்த துருத்தடுப்புத் திரவமோ, மூன்று நான்கு மாதம் தொடாமல் வைப்பதானால் மெல்லிய கிரீஸோ பொருந்தும். வெளிப்புற இரும்புக்கும் கட்டைக்கும் சேர்த்துத் தடவ நுண்படிக மெழுகு நல்லது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950களில் உருவான ரினைசன்ஸ் மெழுகு இந்த வகைதான். அதில் விரல்ரேகை படியாது என்பது அதன் பெரிய நன்மை.

தடவுவதற்கு முன், தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கின்றனவா, இரு குழல்களும் காலியா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சுக் கையுறை அணிந்து, குழலின் வெளியேயும் உள்ளேயும் உலர்ந்த துணியால் அழுக்கு நீங்கத் துடைத்து, பிறகு எண்ணெய் ஊறிய துணியால் ஒரே சீராக ஒருமுறை நீவினால் போதும். வழிய வழிய ஊற்றுவதால் பாதுகாப்பு கூடாது. மறக்கப்படும் இடங்கள்: இரு குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையின் ஓரம், முன்கட்டைக்கு அடியில் மறையும் பகுதி, திருகுத் தலைகளின் வெட்டு. துப்பாக்கியை வாய் கீழாக நிறுத்தியோ படுக்கவைத்தோ வையுங்கள். வாய் மேலாக நிறுத்தினால் எண்ணெய் இறங்கிப் பொறியையும் கடந்து கட்டையில் ஊறி, அந்த இடத்தில் மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். பழைய துப்பாக்கிகளில் பொறிக்குப் பின்னால் கட்டை பிளப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். குழலின் வாயில் துணியை அடைத்து வைக்காதீர்கள். அது ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும் என்பது ஒன்று. எடுக்க மறந்து சுட்டால் குழல் வெடிக்கும் என்பது அதைவிடப் பெரியது. உள்ளே கிரீஸ் தடவியிருந்தால், சுடுவதற்கு முன் அதை முற்றாகத் துடைத்தெடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கோயம்புத்தூர், ஓசூர்ப் பக்கத்து இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலைகள் ஏற்றுமதிச் சரக்கைச் சுற்றி அனுப்பும் வி.சி.ஐ. தாள் உங்களுக்கு அருகிலேயே கிடைக்கும். அதிலிருந்து மெல்ல எழும் ஆவி இரும்பின் மேல் படிந்து துருவைத் தடுக்கிறது. மூடிய பெட்டிக்குள்தான் அது வேலை செய்யும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எண்ணெய் எட்டாத உட்பாகங்களுக்கும் அந்த ஆவி சென்று சேரும் என்பதால், பெட்டி வழியைத் தேர்ந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இருக்கும் செம்புள்ளிகளை என்ன செய்வது? பித்தளைப் பாத்திரம் துலக்கும் நினைவில் புளியையோ எலுமிச்சையையோ வினிகரையோ எடுத்துவிடாதீர்கள். குழலின் கருநீல மெருகும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். அமிலத்துக்குத் துரு வேறு, மெருகு வேறு என்று தெரியாது, இரண்டையும் சேர்த்தே கரைத்துவிடும். புள்ளியின் மேல் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, 0000 என்று எண்ணிட்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் அழுத்தாமல் தேயுங்கள். முதலில் முன்கட்டைக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் தேய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். துணி பழுப்பாக வருவது நிற்கும்வரை துடைத்து, பிறகு காப்பெண்ணெய் தடவலாம். நகம் தட்டும் அளவுக்குக் குழியாக அரித்திருந்தாலோ, குழலின் உட்சுவரில் கரும்புள்ளிகள் தெரிந்தாலோ, பழுதுபார்க்கும் உரிமம் உள்ள ஆயுதக் கடையிடம் கொண்டுபோக வேண்டும். சாதாரண லேத் பட்டறையில் கொடுப்பது 1959 ஆயுதச் சட்டப்படி இருவருக்கும் குற்றம். மெருகைப் புதுப்பிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால், எந்த முறையில் என்று கேளுங்கள். கொதிக்கும் காரக்கரைசலில் முக்கும் முறை, இரட்டைக்குழல்களை இணைக்கும் ஈயப்பற்றைத் தின்றுவிடும். பழைய இரட்டைக்குழலுக்கு மெதுவாகத் துருவேற்றி மெருகிடும் பழைய முறையே உகந்தது.

கருமருந்தை (பழைய வகை வெடிமருந்தை) குழலின் வாய்வழியே கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கி வைத்திருப்போர்க்கு விதி வேறு. கருமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும் பொட்டாசியம் உப்புகள் நிறைந்தது. எண்ணெய் உப்பைக் கரைக்காது. சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, முற்றாக உலர்த்தி, பிறகே எண்ணெய். மேற்கு மலைத்தொடரில் உங்களைப் போன்றே மழையில் ஊறும் குடகில், கைல்போதுத் திருநாளில் துப்பாக்கிகளைத் துடைத்து, செங்காந்தள் பூச்சூட்டி வழிபடுகிறார்கள். அது செப்டம்பர் 3-ஐ ஒட்டி, பெருமழை தணியும் வேளையில் வருகிறது. காரணம் எதுவாயினும், ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துத் துடைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் மலைநாட்டில் இல்லை. அதற்கிடையில், மழைக்காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை ஈரப்பதமானியின் எண்ணைப் பாருங்கள். எண் ஏறியிருந்தால் மட்டும் பெட்டியைத் திறந்து ஜெல்லை மாற்றுங்கள்.

தோட்டாவைத் தனியே, பூட்டி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். காகித உறைத் தோட்டா ஈரத்தில் உப்பும். உப்பியதைக் குழலில் திணிக்காமல் உரிமமுள்ள கடையிலோ காவல் நிலையத்திலோ கேட்டு ஒப்படைத்துவிடுங்கள்.

தேர்தல் காலத்தில் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், அது உங்கள் கவனிப்புக்கு வெளியே நெடுநாள் இருக்கும். 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16-இல் வந்து, முடிவு ஜூன் 4-இல் வெளியானது. மலையில் மழை பிடிக்கும் நேரம் அது. அங்கே யாரும் எண்ணெய் தடவமாட்டார்கள், எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வழக்கமான எண்ணெய்க்குப் பதில் மெல்லிய கிரீஸ் பூசி, வி.சி.ஐ. தாளில் சுற்றிக் கொடுங்கள். தோல் உறையில் வைத்துக் கொடுக்காதீர்கள். ஒப்படைப்புச் சீட்டில் வரிசை எண்ணோடு துப்பாக்கியின் நிலையையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் வைக்க அனுமதி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். திரும்பப் பெற்றதும் நேரே பெட்டிக்குள் வைத்துவிடாமல், அன்றே கிரீஸைத் துடைத்து, வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை இரு குழல்களிலும் ஓடவிட்டு, அது பழுப்பேறி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.